இரவுக்குப் பத்துமா? கேம்பர் வேனின் மின்கணக்கு



கோடை விடுமுறைக்கு மதரஸா மூடப்பட்டதும் கேம்பர் வேனில் ஸ்காட்லாந்துப் பக்கம் சென்றுவருவது சில ஆண்டுகளாக எங்கள் குடும்பத்தின் வழக்கம். இம்முறை செல்லவிருக்கும் மூன்று நான்கு குடும்பத்தார் எங்களிடம் வழி, தங்குமிடம், பள்ளிவாசல் ஆகியன குறித்துக் கேட்டனர். பேட்டரியைக் குறித்து ஒருவரும் கேட்கவில்லை. கேட்கப்படாத அக்கேள்விக்கே இங்கே விடை எழுதுகிறோம்.

லெஸ்டரில் வாழும் எங்களைப் போன்றோருக்குக் கேம்பர் வேன் பிடித்துப்போவதற்குத் தக்க காரணங்கள் உண்டு. ஹலால் இறைச்சியை நம் குளிர்ப்பெட்டியிலேயே எடுத்துச் செல்லலாம். நம் அடுப்பிலேயே சமைக்கலாம். வுளூவுக்கு நீர் உண்டு. முஸல்லா விரிக்க இடம் உண்டு. முதியோரை அழைத்துச் சென்றால் கழிவறையைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் குளிர்ப்பெட்டி, நீர் இறைக்கும் பம்ப், விளக்கு, ஹீட்டரின் விசிறி ஆகிய அனைத்தும் இருக்கைக்குக் கீழே கண்ணில் படாமல் கிடக்கும் ஒரு பெட்டியை நம்பியே இயங்குகின்றன. அதையே இந்நாட்டில் லெஷர் பேட்டரி என்கின்றனர். வண்டியைக் கிளப்பும் பேட்டரி வேறு, இது வேறு. முன்னது சில விநாடிகளுக்குப் பெரும் மின்னோட்டத்தைத் தந்துவிட்டு ஓய்வு கொள்ளும். பின்னதோ சிறிது சிறிதாக மணிக்கணக்கில் தரவேண்டியது.

எங்கள் வண்டியில் இதற்கு மேலும் ஒரு பொறுப்பு உண்டு. எங்களுடன் பயணம் செய்யும் உம்மாவுக்கு உறக்கத்தில் மூச்சு தடைப்படும் நோய் இருக்கிறது. இரவு முழுவதும் முகக்கவசத்தின் வழியே காற்றைச் செலுத்தும் சிபேப் இயந்திரத்துடனேயே அவர்கள் உறங்க வேண்டும் என்பது மருத்துவரின் அறிவுரை. அது இல்லாத இரவுக்குப் பின் அவர்கள் தலைவலியுடனும் தள்ளாட்டத்துடனும் விழிப்பதைக் கண்டிருக்கிறோம். ஆதலால் ஒவ்வொரு மாலையிலும் அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இன்னிக்கு ராத்திரிக்குப் பத்துமா, வாப்பா?"

அதற்கு "பத்தும்" என்று உத்தேசமாகச் சொல்லிவிடக் கூடாது. அறிந்து சொல்ல வேண்டும்.

பார்வைக்கும் உண்மைக்கும் உள்ள தூரம்

வேனை நாங்கள் பழையதாகவே வாங்கினோம். விற்றவர் சுவரிலிருந்த சிறு திரையைக் காட்டினார், 13.1 வோல்ட் என்றிருந்தது. பேட்டரி நல்ல நிலையில் இருப்பதாகவும் கூறினார். அறிந்து சொன்னாரா, அறியாமல் சொன்னாரா என்பதை அல்லாஹ்வே அறிவான். அவர் அப்போதுதான் வண்டியை ஓட்டி வந்து நிறுத்தியிருந்தார். சார்ஜ் ஏறி முடிந்த சற்று நேரத்திற்கு எந்த ஈயப் பேட்டரியும் உள்ளதைவிட உயர்ந்த எண்ணையே காட்டும். அந்த மேற்பூச்சு இறங்கச் சில மணி நேரமாகும். அதுபோலவே, குளிர்ப்பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது பார்த்தால் உள்ளதைவிடத் தாழ்ந்த எண் தெரியும். ஏறும்போது காட்டுவதையும் இறங்கும்போது காட்டுவதையும் நம்பலாகாது. ஓய்ந்திருக்கும்போது காட்டுவதே அதன் உண்மை நிலை.

ஈயப் பேட்டரியை நான்கைந்து மணி நேரமேனும் எதுவும் ஏறாமலும் இறங்காமலும் வைத்த பின் அளந்தால், அறை வெப்பநிலையில் ஏறத்தாழ இவ்வாறு பொருள் கொள்ளலாம்: 12.7 வோல்ட் அல்லது அதற்கு மேல் எனில் நிறைவு; 12.4 எனில் முக்கால், 12.2 எனில் பாதி, 12.0 எனில் கால், 11.8 எனில் வெறுமை. முழுமைக்கும் வெறுமைக்கும் இடையே ஒரு வோல்ட்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். எனவே பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று விளக்குகள் மட்டுமே உள்ள பலகை போதாது. தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கங்களைக் காட்டும் மல்டிமீட்டர் ஒன்று கையில் இருக்க வேண்டும்.

ஆனால் ஓய்வுநிலை வோல்ட் சரியாக இருப்பதும் முழுச் சான்றாகாது. பழைய பேட்டரி சிறுத்துப்போன குடம் போன்றது. விளிம்புவரை நிறைந்தே இருக்கும். உள்ளே கொள்வதோ கொஞ்சம். அதை அறிய ஒரே வழி, இறக்கிப் பார்ப்பது. நாங்கள் ஊர் கிளம்புமுன் வீட்டு வாசலிலேயே அதைச் செய்தோம். இரவு முழுவதும் வீட்டு மின்சாரத்தில் சார்ஜ் ஏற்றி, மறுநாள் பகல் முழுவதும் ஓய்வில் விட்டோம், 12.7 காட்டியது. பின்னர் ஏறக்குறைய 5 ஆம்பியர் இழுக்கும் அளவுக்கு விளக்குகளையும் விசிறியையும் இயக்கினோம். 100 ஆம்பியர் மணி என்று எழுதப்பட்ட பேட்டரி, புதிதாக இருக்கையில், 5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் தரவேண்டியது. அந்த எண்ணின் பொருளே அதுதான். எங்களுடையது நான்கு மணி நேரத்திலேயே வெறுமையாகிவிட்டது. நூறு என்று எழுதியிருந்த பெட்டியில் இருபதே எஞ்சியிருந்தது. அதை நம்பி உம்மாவை அழைத்துச் சென்றிருந்தால் முதல் இரவிலேயே நடுநிசியில் இயந்திரம் நின்றிருக்கும். அல்ஹம்துலில்லாஹ், வாசலிலேயே தெரிந்துவிட்டது. ஏஜிஎம் வகைப் பேட்டரிகள் இரண்டை, ஒவ்வொன்றும் 100 ஆம்பியர் மணி அளவில், புதிதாக வாங்கிப் பொருத்தினோம்.

செலவை எழுதிப் பாருங்கள்

நம் பெரியவர்கள் கடைக்கணக்கை எழுதியதுபோல் வண்டியின் ஒரு நாள் செலவையும் எழுதிவைக்க வேண்டும். எங்கள் வண்டியில் ஆகஸ்ட் மாதத்துக் குளிர்ந்த இரவும் பகலும் சேர்ந்த ஒரு நாளுக்கு ஆவது இது:

கம்ப்ரெஸர் குளிர்ப்பெட்டி: 35 ஆம்பியர் மணி
உம்மாவின் சிபேப் இயந்திரம், எட்டு மணி நேரம்: 10
டீசல் ஹீட்டர், இரவில் சில மணி நேரம்: 7
கைப்பேசிகள்: 4
விளக்குகள்: 3
நீர் பம்ப்: 2
ஆகமொத்தம்: 61

இதில் இரண்டு செய்திகள் பலருக்கும் வியப்பளிக்கும். முதலாவது, நாம் எந்நேரமும் கண்டித்துக்கொண்டிருக்கும் விளக்கும் கைப்பேசியும் மிகச் சிறிய செலவுகள். நாம் மறந்துவிடும் குளிர்ப்பெட்டியே பாதிக்கு மேல் உண்கிறது. இரண்டாவது, சிபேப் இயந்திரத்தின் செலவு அதன் ஈரப்பதமூட்டியைப் பொறுத்தது. நீரைச் சூடாக்கி ஈரக்காற்றைத் தரும் அப்பகுதியையும் சூடேற்றும் குழாயையும் இயக்கினால் செலவு மூன்று நான்கு மடங்காகலாம். உம்மாவின் மருத்துவரிடம் கேட்டு, பயண இரவுகளில் மட்டும் அதை நிறுத்திவைக்கிறோம். மேலும், 12 வோல்ட் மின்சாரத்தை இன்வெர்ட்டர் மூலம் 230 வோல்ட்டாக உயர்த்தி, மறுபடியும் இயந்திரத்தின் அடாப்டரில் தாழ்த்தினால் இரு முறை இழப்பு உண்டு. இயந்திரத்திற்கு உரிய 12 வோல்ட் அடாப்டரை வாங்கி நேரடியாக இணைப்பதே சிக்கனம்.

நீர் பம்ப் குறித்தும் ஒன்று. வுளூவுக்கு அதை இயக்குவதால் பேட்டரி தீர்ந்துவிடுமோ என்று சிலர் அஞ்சுகின்றனர். இயங்கும்போது ஐந்து ஆம்பியர் இழுத்தாலும் இயங்குவது சில நிமிடங்களே. தட்டுப்பாடு வருவது தொட்டி நீருக்குத்தான். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில், அதாவது ஒரு லிட்டருக்கும் குறைவான நீரில், வுளூச் செய்ததை ஹதீஸ் பாடத்தில் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். வண்டியில் அப்பாடத்தை ஒரு செம்பை வைத்துச் செய்துகாட்டலாம். வீட்டுக் குழாயடியில் புரியாதது இங்கே அவர்களுக்குத் தானே புரிந்துவிடுகிறது.

பாதி என்பது எல்லை

200 ஆம்பியர் மணி இருக்க, நாளொன்றுக்கு 61 செலவெனில் மூன்று நாள் தாங்குமே என்று எண்ணத் தோன்றும். தாங்காது. ஈயப் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்குவது அதன் ஆயுளைக் குறைக்கும். இறக்கிய நிலையிலேயே விட்டுவைப்பது அதனினும் கேடு. அப்போது தகடுகளின்மேல் ஈய சல்பேட் கெட்டியாகப் படிந்து, பின்னர் எவ்வளவு ஏற்றினாலும் கரையாமற் போகும். முன்பு சொன்ன சிறுத்துப்போன குடம் இவ்வாறுதான் உருவாகிறது. எனவே 200 என்றால் 100 என்றே கணக்கிடுக. ஏறக்குறைய ஒன்றரை நாள், அவ்வளவே. கடுங்குளிரில் அதுவும் குறையும். உறைநிலை வெப்பத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கிடைக்காது.

வரவும் நாம் நினைப்பதுபோல் வருவதில்லை. ஒரு மணி நேரம் வண்டியை ஓட்டினால் பேட்டரி நிறைந்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை. ஈயப் பேட்டரி முதல் எண்பது சதவீதத்தை ஓரளவு விரைந்து ஏற்றுக்கொள்ளும்; கடைசி இருபதை மெல்ல மெல்லத்தான் ஏற்றுக்கொள்ளும்; அதற்கே பல மணி நேரம் வேண்டும். யூரோ 6 தரத்து வண்டிகள் பலவற்றில் எரிபொருளைச் சேமிப்பதற்காக ஆல்டர்னேட்டர் தன் வோல்ட்டைத் தானே தாழ்த்திக்கொள்கிறது. அத்தகைய வண்டியில் பழைய முறை ரிலே போதாது. இரு பேட்டரிகளுக்கும் இடையே பேட்டரி டு பேட்டரி சார்ஜர் எனப்படும் கருவி தேவை. எங்களுடையது 30 ஆம்பியர் கருவி.

கூரைமீதுள்ள சூரியத் தகடு நல்ல துணைதான். ஆனால் ஊரை அறிந்து நம்ப வேண்டும். இன்வர்னஸ் நகரில் ஜூன் மாதப் பகல் ஏறத்தாழ 18 மணி நேரம். டிசம்பரில் ஏழு மணி நேரத்துக்கும் குறைவு, வெயிலோ அடிவானத்தை ஒட்டியே செல்லும். தெளிந்த கோடை நாளில் 100 வாட் தகடு 25 முதல் 30 ஆம்பியர் மணி வரை தரலாம். டிசம்பரில் மூன்று நான்கு கிடைத்தால் அதிகம்.

வரவையும் செலவையும் ஓயாமல் எழுதிவைக்கும் கணக்கப்பிள்ளையாக ஷன்ட் என்னும் சிறு கருவி கிடைக்கிறது. பேட்டரியின் எதிர்முனைக் கம்பியில் இதைப் பொருத்தினால், உள்ளே வந்ததும் வெளியே சென்றதுமான மின்னோட்டம் முழுவதையும் அளந்து எஞ்சியதைக் கைப்பேசியில் காட்டும். விக்ட்ரான் உள்ளிட்ட பல நிறுவனங்கள் இதைத் தயாரிக்கின்றன. இரண்டு நிபந்தனைகளை மட்டும் மறவாதீர்கள். எல்லா எதிர்முனை இணைப்புகளும் ஷன்ட்டின் வழியாகவே செல்ல வேண்டும். நேராகப் பேட்டரியில் மாட்டிய ஒரு கம்பி இருந்தால் அதன் செலவு கணக்கில் வராது. அவ்வப்போது பேட்டரியை முழுமையாக நிறைக்கவும் வேண்டும். அப்போதுதான் கருவி தன் நூறு சதவீதத்தைச் சரிபார்த்துக்கொள்ளும். இல்லையேல் சிறு பிழைகள் சேர்ந்து எண் மெல்லப் பொய்யாகிவிடும்.

லூயிஸ் தீவில் மூன்று நாள்

சென்ற ஆகஸ்ட் பிற்பகுதியில் அல்லபூல் துறைமுகத்திலிருந்து கப்பலேறி லூயிஸ் தீவுக்குச் சென்றோம். அங்குள்ள ஸ்டோர்னோவே நகரில் 2018ஆம் ஆண்டு பள்ளிவாசல் திறக்கப்பட்டது. வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளில் அதுவே முதலாவது. அங்கே ஜும்ஆ தொழவேண்டும் என்பது உம்மாவின் நெடுநாள் ஆசை. வெள்ளிக்கிழமை தொழுதுவிட்டு, மேற்குக் கரையில் மின் இணைப்பில்லாத சிறியதொரு தங்குமிடத்திற்குச் சென்று வண்டியை நிறுத்தினோம். அன்று மாலை ஷன்ட் காட்டியது 190 ஆம்பியர் மணி. பிறகு மழை பிடித்துக்கொண்டது.

சனிக்கிழமை முழுவதும் வானம் திறக்கவே இல்லை. எங்கள் 150 வாட் தகடு தந்தது 12 மட்டுமே. மாலையில் எஞ்சியிருந்தது 141. பார்ப்பதற்கு அது நல்ல எண்தான், எழுபது சதவீதம். ஆனால் மழை ஞாயிற்றுக்கிழமையும் நீடிக்கும் என்று வானிலை அறிவிப்பு சொன்னது. லூயிஸோ ஞாயிற்றுக்கிழமையை ஓய்வுநாளாகப் பேணிவரும் தீவு. நமது ஜும்ஆவை மதித்து இடமளித்த ஊரில், அவர்களது ஓய்வுநாளில் கதவைத் தட்டி மின்சாரம் கேட்டு அலைவது எங்களுக்கு முறையாகத் தோன்றவில்லை. எனவே திங்கள் காலைவரை இருப்பதைக்கொண்டே ஓட்டவேண்டும் என்று முடிவு செய்து, தாளில் கணக்கிட்டோம். எல்லாம் வழக்கம்போல் இயங்கினால் திங்கள் விடியும்போது எஞ்சுவது 56. அதாவது பாதிக்கு வெகு கீழே, 28 சதவீதம். அந்நிலையில் ஹீட்டர் கிளம்பும்போது இழுக்கும் எட்டுப் பத்து ஆம்பியரில் வோல்ட் சரிந்து, எந்த நேரத்தில் எது நிற்கும் என்று சொல்ல முடியாது.

எதை நிறுத்துவது? சிபேப் இயந்திரத்தில் கைவைக்க முடியாது. ஆனால் உம்மா தாமே அதைத்தான் முதலில் சொன்னார்கள்: "ஒரு ராத்திரிதானே, மெஷினை நிப்பாட்டிருங்க. புள்ளைங்களுக்குக் குளிரும், ஹீட்டர் ஓடட்டும்." தாய்மார்கள் எப்போதும் தம் பங்கைத்தான் முதலில் விட்டுக்கொடுக்கிறார்கள். கணக்கு கையில் இல்லாதிருந்தால் அவர்கள் சொல்லுக்கு நாங்கள் இணங்கியும் இருப்போம். தாளை அவர்கள் முன் விரித்து வைத்தோம். இயந்திரம் உண்பது பத்து. குளிர்ப்பெட்டி உண்பது முப்பத்தைந்து. அவர்கள் சற்று நேரம் தாளைப் பார்த்துவிட்டு, "அப்போ இறைச்சிய ஆக்கிருவோம்" என்று எழுந்தார்கள்.

மீதமிருந்த இறைச்சி முழுவதையும் அன்றிரவே எரிவாயு அடுப்பில் சமைத்தோம். பக்கத்து வேனில் இருந்த முதிய தம்பதியருக்கும் ஒரு பாத்திரம் சென்றது. பாலையும் சிறிதளவு உணவையும் ஐஸ் கட்டிகளுடன் ஒரு குளிர்காப்புப் பையில் வைத்துவிட்டுக் குளிர்ப்பெட்டியை அணைத்தோம். ஞாயிறு மாலை 127. திங்கள் சுபுஹு வேளையில் 108, அதாவது 54 சதவீதம். இரண்டு இரவுகளும் இயந்திரம் ஒரு நொடியும் நிற்கவில்லை. பிள்ளைகளும் குளிரில் நடுங்கவில்லை. திங்களன்று ஸ்டோர்னோவே திரும்பி, மின் இணைப்புள்ள இடத்தில் நின்று ஓரிரவு முழுவதும் நிறைய ஏற்றிக்கொண்டோம்.

வண்டி நிற்கும் காலத்தில்

பேட்டரிகள் பெரும்பாலும் பயணத்தில் அழிவதில்லை; வீட்டு வாசலில் நிற்கும் மாதங்களில்தான் அழிகின்றன. திருட்டு எச்சரிக்கைக் கருவி, வானொலியின் நினைவகம், வாயு எச்சரிக்கைக் கருவி ஆகியவை சேர்ந்து 0.1 ஆம்பியர் இழுத்தால்கூட மாதத்துக்கு 72 ஆம்பியர் மணி போய்விடும். ஆதலால் குளிர்காலத்தில் மாதம் ஒரு முறையேனும் வீட்டு மின்சாரத்தில் முழுமையாக ஏற்றுங்கள். நீர் ஊற்றும் வகைப் பேட்டரி எனில் தகடுகள் மூழ்கியிருக்கின்றனவா என்று பார்த்து, குறைந்திருந்தால் காய்ச்சி வடித்த நீர் மட்டும் ஊற்றுங்கள். சார்ஜ் ஏறும்போது அது ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும்; அதன் காற்றுக்குழாய் வண்டிக்கு வெளியே திறந்திருக்கிறதா என்பதையும் உறுதி செய்யுங்கள். நிறைந்த பேட்டரி இந்நாட்டுக் குளிரில் உறையாது. வெறுமையான பேட்டரி உறைநிலைக்குச் சில பாகைகள் கீழே சென்றதுமே உறைந்து வெடிப்புறக்கூடும்.

இப்போது பலர் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு மாறுகின்றனர். விலை அதிகம், ஆனால் எண்பது சதவீதத்துக்கு மேலும் அச்சமின்றிப் பயன்படுத்தலாம், எடையும் குறைவு. இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. உறைநிலைக்குக் கீழான குளிரில் அதற்குச் சார்ஜ் ஏற்றலாகாது. மேலும் அதன் வோல்ட் நெடுநேரம் ஏறத்தாழ 13.2 என்ற அளவிலேயே நிற்பதால், நிறைந்திருக்கிறதா பாதியாயிற்றா என்பதை வோல்ட்டைப் பார்த்து அறிய முடியாது. அங்கே ஷன்ட் இன்றியமையாதது.

பயணம் செல்லவிருக்கும் சகோதரர்களுக்குச் சுருக்கமாகச் சொல்வது இதுவே. புறப்படும் முன் ஒரு முறை பேட்டரியை இறக்கிச் சோதியுங்கள். ஒரு நாள் செலவை எழுதுங்கள். ஒவ்வொரு நாளும் காலை சுபுஹுக்குப் பின்னும் மாலை மஃரிபுக்கு முன்னும் எஞ்சியதைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிட வேலை. எண் தாழ்ந்த பிறகு எதை நிறுத்துவது என்று தேடாதீர்கள்; அந்த வரிசையை வீட்டிலேயே, அனைவரும் அமர்ந்திருக்கும்போது முடிவு செய்யுங்கள். இல்லையேல் வீட்டில் மிகவும் விட்டுக்கொடுப்பவர் எவரோ அவருடைய தேவையே முதலில் அணையும். நம்மை நம்பி உறங்குவோரின் இரவு நம்மிடம் தரப்பட்ட அமானிதம். அதற்கு அன்றாடம் கணக்குப் பார்ப்பதும் அதைப் பேணுவதில் ஒரு பகுதியே.

அல்லாஹ் உங்கள் பயணங்களை இலேசாக்கி, நலமுடன் வீடு திரும்பச் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.